மலையூரில் மின்சூளைக் கல் மாற்றுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

கோத்தகிரியில் ஐப்பசி அடைமழையில் துவைத்துப் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது. பட்டறை மூலையில் நிற்கும், மண்பாண்டம் சுடும் மின்சூளையின் கல்லுக்கும் அதே கதிதான். கல் மாற்றுவதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு ஈரத்தில் ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. வெட்டுவதும் பொருத்துவதும் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும். மலையில் இருப்பவர்களுக்குக் கல் பாழாவது கடைசிக் கட்டத்தில், உலர்த்தும்போது.

சூளையின் உள்சுவரில் இருப்பது வீடு கட்டும் செங்கல் அல்ல. வெளிறிய நிறத்தில், நகத்தால் கீறினாலே பொடி உதிரும் மெத்தென்ற கல். கடையில் இன்சுலேஷன் கல் என்று கேட்க வேண்டும். 230 × 115 × 75 மில்லிமீட்டர் நம் ஊரில் வழக்கமான அளவு. 9 அங்குலக் கல் என்றாலும் புரிந்துகொள்வார்கள். இதே அளவில் கெட்டியான ஃபயர் பிரிக் ஒன்று 4 கிலோ நிற்கும். இது அதில் பாதிகூட வராது, ஏனென்றால் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு காற்று. அந்தக் கண்ணறைகள்தான் சூட்டை வெளியே விடாமல் பிடிக்கின்றன. மூடுபனியைக் குடிப்பதும் அதே கண்ணறைகள்தான். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மாற்றத்தான் வேண்டுமா?

புதிதாகச் சூளை வாங்கியவர்கள் முதல் விரிசலைப் பார்த்ததும் பதறிப்போவார்கள். மயிரிழை விரிசல் எல்லாச் சூளையிலும் வரும். சூடேறும்போது கல் விரியும், விரிசல் மூடிக்கொள்ளும். ஆறும்போது மறுபடி திறக்கும். அதில் சாந்தை அடைத்தால்தான் ஆபத்து. அடுத்த முறை கல் விரிய இடம் தேடும்போது உள்ளே இருக்கும் சாந்து ஆப்பு மாதிரி நின்று விரிசலைப் பெரிதாக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூலையில் கட்டைவிரல் அளவுக்குப் பெயர்ந்திருந்தாலும், அங்கே காயில் (சூடு தரும் கம்பிச் சுருள்) ஓடவில்லை என்றால் முழுக் கல்லை எடுக்கத் தேவையில்லை. கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) சொட்டி உருகிய இடமும் அப்படித்தான், ஆனால் அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். கிளேஸ் ஒவ்வொரு சூட்டிலும் மறுபடி உருகிக் கல்லைத் தின்றுகொண்டே உள்ளே போகும். காயிலைத் தொட்டுவிட்டால் காயிலும் அந்த இடத்தில் அறுந்துபோகும். உருகிய பகுதி முழுவதையும், வெள்ளைக் கல் தெரியும் வரை தோண்டுங்கள். குழியின் வாயைவிட அடி கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். பழைய கல்லிலிருந்து ஒரு துண்டை அந்த வடிவத்துக்குத் தேய்த்து, மெல்லிய சாந்து தொட்டு அடைத்தால் போதும். பல் மருத்துவர் சொத்தையை அடைக்கிற வேலைதான்.

முழுக் கல்லையும் மாற்ற வேண்டிய நிலை வேறு. காயில் உட்காரும் காடியின், அதாவது கல்லில் வெட்டிய நீளப் பள்ளத்தின், உதடு இரண்டு மூன்று விரல் நீளத்துக்கு உடைந்து, காயில் வெளியே தொங்க ஆரம்பித்திருந்தால் மாற்ற வேண்டும். ஈரம் காயாத பாண்டம் வெடித்துக் கல்லின் முகம் பெயர்ந்திருந்தாலும், கல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி ஆடினாலும் மாற்ற வேண்டும். தொங்கும் காயிலோடு அடுத்த சுமையை ஏற்றாதீர்கள். சூட்டில் அது இன்னும் இறங்கி, பாண்டம் அடுக்கும் ஷெல்ஃபின் மேல் படும்.

கல் வாங்குவது

கோவையில் வார்ப்படப் பட்டறைகள் நிறைய. அவற்றுக்குப் பொருள் விற்கும் கடைகளில் இந்தக் கல் கிடைக்கும். போகும்போது உடைந்த கல்லின் துண்டு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். தரத்துக்கு எண் சொல்வார்கள். 23 என்றால் 2300 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறத்தாழ 1260 செல்சியஸ் வரை தாங்கும். 26 என்றால் 1430 செல்சியஸ் வரை. 1220, 1240 வரை சுடுகிறவர்களின் சூளையில் பெரும்பாலும் 23 இருக்கும். பழையது எதுவோ அதையே வாங்குவது நல்லது. தரம் மாறினால் விரிவதும் சூடு கடத்துவதும் மாறும். விலை கூடியது என்பதற்காக ஒரே ஒரு கல்லை மட்டும் வேறு தரத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்று தேவை என்றால் நாலு வாங்குங்கள். முதல்முறை வெட்டும்போது ஒன்று நிச்சயம் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவு வளைவாக ஏறி வருகிற பாதையில் இன்னொன்றின் முனை உடையும். பழைய கம்பளியில் தனித்தனியாகச் சுற்றி, பஸ்ஸானாலும் ஜீப்பானாலும் மடியில் வைத்துக்கொண்டு வருவதே மேல். லக்கேஜில் போட்டால் வீடு சேரும்போது பாதி பொடியாகியிருக்கும்.

கையில் எடுக்கும் முன்

இந்தக் கல்லின் தூசியில் சிலிகா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. என்95 முகக்கவசம் கட்டாயம். துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். சுவருக்குப் பின்னால் ஃபைபர் போர்வை இருக்கும் சூளையானால் இன்னும் கவனம். பலமுறை சூடு பட்ட ஃபைபரின் தூள் புதிய ஃபைபரைவிட மோசமானது. வெட்டுவதை வாசலில் செய்யுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். உதிர்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

அப்புறம் மின்சாரம். என் சூளைக்கு முதலில் வயர் இழுத்துக் கொடுத்தவர் கட்டபெட்டுக்காரர், வயதில் பெரியவர். அவர் சொன்னதை இன்றும் அப்படியே செய்கிறேன். "தம்பி, கன்ட்ரோலர் ஆஃப்ல இருக்குன்னு நம்பிக் கை வைக்காத. எம்சிபிய இறக்கு, டெஸ்டர் வச்சுப் பாரு, அதுக்கப்புறம் தொடு." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல சூளைகளில் கன்ட்ரோலர் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், மற்றதில் மின்சாரம் நிற்கும். எஸ்எஸ்ஆர் என்கிற ரிலே பழுதானால் பெரும்பாலும் கடத்தும் நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், திரையில் ஆஃப் என்று காட்டினாலும். மூன்று பேஸ் சூளையென்றால் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எம்சிபியின் மேல் ஒரு அட்டையை ஒட்டிவிடுங்கள், வீட்டில் வேறு யாராவது தெரியாமல் தூக்கிவிடாமல் இருக்க.

பிரிக்கும் முன் போனில் படம் எடுங்கள். காயில் எந்தத் துளையில் நுழைகிறது, எந்த வழியாக வெளியே வருகிறது, எந்த முனை எந்த டெர்மினலில் என்று எல்லாக் கோணத்திலும். நான் கூடவே ஒரு தாளில் வரைந்தும் வைப்பேன்.

காயிலை விலக்குவது

காயில் கம்பி பெரும்பாலும் காந்தல் என்கிற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை. அது ஸ்வீடன் நாட்டு நிறுவனத்தின் பெயர். நமக்கோ அடிப்பிடித்த சோறும் காந்தல், ஊட்டியில் ஒரு பகுதிக்குப் பெயரும் காந்தல். அதனால் இந்தப் பெயர் மட்டும் யாருக்கும் மறப்பதில்லை.

புதிதாக இருக்கும்போது இந்தக் கம்பி எப்படியும் வளையும். ஒருமுறை நன்றாகச் சூடேறிய பிறகு குளிர்ந்த நிலையில் வளைத்தால் அப்பளம் மாதிரி முறியும். ஆகவே வெறுங்கையால் இழுக்கவே கூடாது. காயிலைக் கல்லோடு பிடித்திருக்கும் சின்ன ஊசிகளை மூக்குப் பிளையரால் மெல்லச் சுழற்றி எடுங்கள். பிறகு சின்ன பியூட்டேன் டார்ச்சால், விலக்க வேண்டிய பகுதியை மட்டும் சிவக்கச் சூடாக்கி, சிவப்பு இருக்கும்போதே காடியிலிருந்து தூக்குங்கள். நிறம் மங்கினால் நிறுத்தி மறுபடி சூடாக்குங்கள். அவசரப்பட்டால் ஒரு கல் வேலை முழு வரிசைக் காயில் வேலையாகிவிடும்.

இந்தச் சமயத்தில் காயிலின் வயதையும் பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரில் ஓம் அளந்து, புதிதில் இருந்ததோடு ஒப்பிடுங்கள். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் தரும் வரிசையானால் 17.6 ஓம் இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் அந்தக் காயிலைப் பழைய காடியில் மறுபடி உட்கார வைக்கப் படும் பாடு வீண். புதியது வாங்கி ஒரே வேலையாக முடியுங்கள்.

பழைய கல்லை எடுப்பது

மேலே திறக்கும் பலகோணச் சூளையா, முன்கதவுச் சூளையா என்பதைப் பொறுத்து வேலை மாறும்.

பலகோணச் சூளையில் கற்கள் பெரும்பாலும் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். வெளியே இருக்கும் ஸ்டீல் தகடுதான் அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. தகட்டின் கிளாம்ப் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் வளையம் முழுவதும் சரியும். ஒவ்வொரு திருகையும் எத்தனை சுற்று விட்டீர்கள் என்று தகட்டிலேயே எழுதி வையுங்கள். கல் அசையும் அளவுக்கு இடம் கிடைத்ததும் அதை மேல்நோக்கி நேராக உருவலாம். உடைந்த கல்லென்றால் துண்டு துண்டாக வரும், அதனால் பரவாயில்லை. எல்லாத் துண்டையும் ஒரு தட்டில் அடுக்கி வையுங்கள், அளவெடுக்க வேண்டும்.

முன்கதவுச் சூளையில் கல் சாந்தோடு ஒட்டியிருக்கும். முழுதாக எடுக்கப் பார்க்காதீர்கள், பக்கத்துக் கல்லின் முகம் சேர்ந்து வந்துவிடும். ஹாக்சா பிளேடை மட்டும் துணி சுற்றிக் கையில் பிடித்து, நாலு பக்க இணைப்பையும் அறுத்துக்கொண்டு போங்கள். பிறகு கல்லின் நடுவில் உளியால் குழி பறித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உடைத்து எடுங்கள். பக்கத்துக் கற்களில் ஒட்டியிருக்கும் பழைய சாந்தைச் சுரண்டினால் இடம் தயார். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் அந்தக் கல் வழியாக வருகிறதென்றால் முதலிலேயே அதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதன் முனையில் இருக்கும் பீங்கான் குழாய் ஒரு தட்டுக்கே உடையும்.

புதிய கல்லை வெட்டுவது

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது. மரம் அறுப்பதைவிடச் சுலபம். சாதாரண ஹாக்சா போதும், அல்லது மழுங்கிப்போன மர வாள். நல்ல வாளை எடுத்தால் அது அன்றோடு சரி. பழைய துண்டுகளைச் சேர்த்து அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையைப் புதுக் கல்லின் மேல் வைத்துக் கோடு போடுங்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்து, மீதியைச் சிமென்ட் தரையில் தேய்த்துச் சரிசெய்யுங்கள். தேய்ப்பதும் வைத்துப் பார்ப்பதுமாக எட்டுப் பத்து முறை நடக்கும். கடைசியில் கல் தன் எடையிலேயே மெல்ல வழுக்கி உள்ளே இறங்க வேண்டும். தட்டி இறக்க வேண்டியிருந்தால் இறுக்கம் அதிகம். 230 மில்லிமீட்டர் கல் 1000 டிகிரியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதற்கு இடமில்லாமல் அடைத்தால் புதுக் கல்லோ பக்கத்துக் கல்லோ பிளந்துதான் தீரும்.

காடி போடுவதில்தான் பொறுமை வேண்டும். பக்கத்துக் கற்களின் காடி எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே கோட்டைப் பென்சிலால் புதுக் கல்லில் இழுங்கள். பேனா மையால் எழுதாதீர்கள். கோட்டின் மேல் நெருக்கமாகத் துளைகள் போடுங்கள். டிரில் பிட்டைக் கையால் திருப்பினாலே இறங்கும். துளைகளுக்கு இடையில் இருப்பதை உருண்டை அரத்தால் எடுத்து, விறகுக் குச்சியில் உப்புத்தாள் சுற்றி உள்ளே வழவழப்பாக்குங்கள். காடியின் உள்பகுதி வாயைவிடக் கொஞ்சம் அகலமாகவும், அடி உள்நோக்கிச் சற்றுச் சரிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் சூட்டில் தளரும் காயில் வெளியே எட்டிப் பார்க்காமல் உள்ளேயே படுத்திருக்கும். காயில் துண்டு ஒன்று இருந்தால் அதைக் காடியில் ஓட்டிப் பாருங்கள். எங்கேயும் சிக்காமல் ஓட வேண்டும்.

சாந்து

பலகோணச் சூளையில் சாந்தில்லாமல் இருந்தது என்றால் நீங்களும் பூச வேண்டாம். முன்கதவுச் சூளைக்கு இன்சுலேஷன் கல்லுக்கென்று விற்கும் சாந்தை வாங்குங்கள். வீடு கட்டும் சிமென்ட் இந்தச் சூட்டில் வலுவிழந்து உதிர்ந்துவிடும். எம்சீல் போன்றவை கருகிப் புகையும்.

கல்லையும் பக்கத்துக் கற்களையும் தூரிகையால் லேசாக நனைத்துவிட்டுத்தான் சாந்து பூச வேண்டும். காய்ந்த கல் சாந்தின் நீரை ஒரே உறிஞ்சாக உறிஞ்சிவிடும், அப்புறம் கல்லைத் தள்ளவும் முடியாது, இழுக்கவும் முடியாது. சாந்து தோசை மாவைவிட நீர்த்து இருக்கட்டும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு மில்லிமீட்டர் கனம். பிதுங்குவதை உடனே துடைத்து, காடிக்குள் ஒரு சொட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல சாந்துகளில் சோடியம் சிலிகேட் சேர்த்திருப்பார்கள். அது காயிலோடு ஒட்டினால் காயில் அங்கேயே அரிக்கும்.

காயிலைப் பழையபடி டார்ச்சால் சிவக்க வைத்துக் காடியில் உட்கார வையுங்கள். ஊசியைக் காயில் சுற்றுகளுக்கு நடுவே, கீழ்நோக்கிச் சாய்வாகச் செருகுங்கள். கிளாம்ப் திருகுகளை எழுதி வைத்த சுற்றுக் கணக்குப்படி இறுக்குங்கள். கடைசியாக, மல்டிமீட்டரின் ஒரு முனையைக் காயிலிலும் மற்றதைச் சூளையின் தகட்டிலும் வையுங்கள். தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் எங்கோ காயில் தகட்டைத் தொடுகிறது, மின்சாரம் கொடுக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உலர்த்துவது

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில், வெளியூர்க் கண்காட்சிக்குப் பாண்டம் அனுப்ப வேண்டிய அவசரத்தில், காலையில் கல்லை மாற்றி மாலையே சூளையை ஏற்றினேன். பக்கத்து அறையில் இருந்தபோது டப்பென்று ஒரு சத்தம். மூன்று நாள் செதுக்கிய கல்லின் முகம், காடியோடு சேர்ந்து, தோசைக்கல் கனத்துக்குப் பெயர்ந்து கீழே கிடந்தது. உள்ளே இருந்த நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் கல்லை உடைத்திருந்தது. பொருத்துவதில் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்தக் கல்லும் வாங்கிய நாளிலிருந்து வராந்தாவில் அட்டைப் பெட்டியில் மழைச் சாரலோரமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கல்லை எடை போட்டுத்தான் பயன்படுத்துகிறேன். வாங்கி வந்ததும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். சமையலறை ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியதும் மறுபடி நிறுங்கள். எடை குறைந்திருந்தால் இன்னொரு முறை. இரண்டு தடவை ஒரே எடை காட்டினால் கல் காய்ந்துவிட்டது. காய்ந்த கல்லைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்து, வெட்டும் நாளில் எடுங்கள்.

பொருத்திய பின் சூளை மூடியை ஒரு அங்குலம் தூக்கி, கட்டையோ கல்லோ முட்டுக் கொடுத்து, பார்வைத் துளைகளின் அடைப்பையும் எடுத்துவிட்டு இரண்டு நாள் விடுங்கள். மழை நாளானால் நாலு நாள். அப்புறம் காலிச் சூளையை மெல்ல ஏற்றுங்கள். முதலில் 80 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் நிறுத்த வேண்டும். நூறுக்கு இவ்வளவு கீழே நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் நம் உயரம். ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். கோத்தகிரியில் அதைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதல், அவ்வளவுதான். சமவெளிக்காரர்கள் எழுதிய அட்டவணையில் 95 என்றிருந்தால் நமக்கு அது கொதிநிலை.

அடுத்து 120 டிகிரியில் மூன்று மணி நேரம். அப்போது மேல் துளைக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி மங்கினால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அங்கேயே நிறுத்தி வையுங்கள். துடைத்துப் பிடித்தும் மங்காமல் இருந்தால்தான் மூடியை இறக்க வேண்டும். அதன் பிறகு 600 வரை மணிக்கு 50 டிகிரி, அதற்கு மேல் 1000 வரை மணிக்கு 100. புதுக் காயில் போட்டிருந்தால் துளைகளின் அடைப்பை எடுத்தபடியே 1050 வரை கொண்டுபோய் ஆறவிடுங்கள். காயிலின் மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் படியும். அதன் ஆயுளைக் காப்பது அதுதான்.

ஈரக் கல் வழியாக மின்சாரம் கசிந்து, கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுவதும் உண்டு. 80 டிகிரிக் கட்டத்திலேயே அது விழுந்தால், அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சூளைக்குள் ஒரு ஹீட்டரின் சூட்டைக் காட்டிக் காயவைத்து, அதை வெளியே எடுத்துவிட்டுப் பிறகு சூளையை ஏற்றுங்கள்.

சூடு மெதுவாக ஏறினால் உடனே கல்லைச் சந்தேகிக்க வேண்டாம். காற்றும் மழையும் இருக்கும் நாளில் நம் மலையில் வோல்ட்டேஜ் இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் காயில் தரும் சூடு கால் பங்கு குறைந்துவிடும். முதலில் மீட்டரைப் பாருங்கள்.

ஆறிய பிறகு

கன்ட்ரோலர் 60 டிகிரிக்குக் கீழே காட்டும் வரை திறக்காதீர்கள். திறந்ததும் எம்சிபியை இறக்கி, புதுக் கல்லை விரலால் தள்ளிப் பாருங்கள், ஆடக் கூடாது. காடியில் காயில் இருந்த இடத்திலேயே இருக்கிறதா, ஊசி ஏதாவது கிளம்பியிருக்கிறதா என்று டார்ச் லைட்டில் பாருங்கள். பலகோணச் சூளையில் தகடு கொஞ்சம் தளர்ந்திருக்கும், கிளாம்பைக் கால் சுற்று இறுக்குங்கள். புதுக் கல்லில் மயிரிழை விரிசல் ஒன்று வந்திருந்தால் அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை, மேலே சொன்ன அதே கதைதான்.

முதல் சுமையாகக் கிளேஸ் பாண்டத்தை ஏற்றாமல் பிஸ்க் சுமையை, அதாவது கிளேஸ் பூசாமல் முதல்முறை சுடும் பாண்டங்களை, ஏற்றுங்கள். ஷெல்ஃபுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி விடுங்கள். மழை மாதங்களில் சூளை பத்து நாள் சும்மா இருந்திருந்தால், பாண்டம் அடுக்கும் முந்தின நாள் காலியாக 110 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓட்டுவது என் வழக்கம். சும்மா இருக்கும் நாட்களில் மூடியை மூடியே வையுங்கள். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து போகும் பட்டறையில் திறந்த சூளை ஒரே இரவில் ஈரம் கட்டிவிடும்.

எடுத்த பழைய கல்லை எறியாதீர்கள். கிளேஸ் படாத துண்டுகளைத் தனியே பிரித்து, எடை போட்ட புதுக் கற்களோடு அதே பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். அடுத்த முறை கிளேஸ் சொட்டித் தோண்டிய குழியை அடைக்க, அதே வயதுள்ள, அதே சூட்டில் பழகிய துண்டு வேறெங்கும் கிடைக்காது.